அபராதமா? பாடமா?

சத்தியமங்கலத்தில் இருந்து பண்ணாரி வழியாக மைசூர் பக்கம் போகிறவர்களுக்குத் திம்பம் மலைப்பாதையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மொத்தம் 27 கொண்டை ஊசி வளைவுகள். லோடு ஏற்றிய லாரி ஒன்று முக்கி முனகி ஏறிக்கொண்டு இருக்கும். அதன் பின்னால் பொறுமையாக வர மனசு இல்லாத ஒரு கார்காரர் வளைவிலேயே முந்தப் பார்ப்பார். மேலே இருந்து பஸ் இறங்கும். ஒன்று, எல்லோரும் தப்பிப்பார்கள். இல்லை என்றால் மறுநாள் பேப்பரில் செய்தி வரும்.

இந்தச் சாலையில் நீதிமன்றமே தலையிட்டு இருக்கிறது. 2012 முதல் 2021 வரை இங்கே 155 வனவிலங்குகள் வண்டிகளில் அடிபட்டுச் செத்தன என்ற கணக்கு சென்னை உயர் நீதிமன்றத்தின் முன் வந்தது. மாவட்ட ஆட்சியர் 2019லேயே போட்டு, அமலுக்கு வராமல் கிடந்த இரவுத் தடையை உடனே செயல்படுத்தச் சொன்னது நீதிமன்றம். 2022 பிப்ரவரி 10 முதல் மாலை 6 மணிக்கு மேல் காலை 6 மணி வரை பண்ணாரிக்கும் காரப்பள்ளத்துக்கும் நடுவே போக்குவரத்து நின்றது. சத்தியிலும் தாளவாடியிலும் மக்கள் போராடினார்கள். பிறகு உள்ளூர்க்காரர்களுக்குத் தளர்வுகள் வந்தன.

அந்தத் தடை சரியா தப்பா என்பது வேறு விவாதம். இங்கே கவனிக்க வேண்டியது ஒன்றுதான். நீதிமன்றத்தால் ஒரு சாலையைப் பூட்ட முடியும். ஆனால் பொறுமையாக ஓட்டுகிறவரும் தாறுமாறாக ஓட்டுகிறவரும் அந்தப் பூட்டுக்கு ஒன்றுதான். தாறுமாறாக ஓட்டுகிறவரை மட்டும் பிடித்துத் திருத்த நீதிமன்றத்திடம் என்ன இருக்கிறது?

ஜெயில் இருக்கிறது, அபராதம் இருக்கிறது, லைசென்ஸைப் பறிப்பது இருக்கிறது. நான்காவதாக உலகத்தில் பல நாடுகள் செய்வது ஒன்று உண்டு. வகுப்பில் உட்கார வைப்பது! கேட்டால் சிரிப்பு வரும். நாலு பேரைக் கொல்லப் பார்த்தவனுக்கு ஸ்கூலா என்று தோன்றும். கொஞ்சம் பொறுமையாகப் பார்க்கலாம்.

அபராதம் என்பது ஒரு விலை

முதலில் பிரச்சினையின் அளவைத் தெரிந்துகொள்வோம். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022ல் இந்தியாவில் சாலை விபத்தில் இறந்தவர்கள் 1,68,491 பேர். தமிழ்நாட்டில் மட்டும் 64,105 விபத்துகள், 17,884 மரணங்கள். அந்த ஆண்டு விபத்து எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம் தமிழ்நாட்டுக்குத்தான். நாடு முழுக்க நடந்த மரணங்களில் பத்தில் ஏழுக்கு அதிவேகம் காரணம் என்று அதே அறிக்கை சொல்கிறது.

இதற்கு அரசு கண்டுபிடித்த மருந்து அபராதத்தை ஏற்றுவது. 2019ல் மோட்டார் வாகனச் சட்டம் திருத்தப்பட்டது. 2022 அக்டோபரில் தமிழ்நாட்டிலும் புதிய அபராதங்கள் வந்தன. 100 ரூபாயாக இருந்த ஹெல்மெட் அபராதம் 1000 ரூபாய் ஆனது. சட்டத்தின் 184வது பிரிவில், ஆபத்தாக ஓட்டி முதல் முறை சிக்கினால் 1000 முதல் 5000 ரூபாய் வரை அபராதமோ, ஆறு மாதத்தில் இருந்து ஒரு வருடம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம்.

வணிகவியலில் விலை என்பதற்கு ஓர் அர்த்தம் உண்டு. கொடுத்தால் பொருள் உனக்குச் சொந்தம், அதற்கு மேல் கேள்வி கிடையாது. அபராதமும் அப்படி ஆகிவிடும் ஆபத்து இருக்கிறது. இஸ்ரேலில் ஹைஃபா நகரத்துக் குழந்தைகள் காப்பகங்களில் நடந்த ஓர் ஆய்வு இதற்கு ரொம்பப் பிரபலம். கினீசி, ருஸ்டிகினி என்ற இரண்டு பொருளாதார நிபுணர்கள் 2000ல் வெளியிட்டது. மாலையில் குழந்தையைக் கூட்டிப் போகத் தாமதமாக வரும் பெற்றோருக்குச் சின்ன அபராதம் போட்டுப் பார்த்தார்கள். தாமதம் குறைந்திருக்க வேண்டும் அல்லவா? கூடியது! முன்பு லேட்டாக வந்தால் டீச்சர் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருக்கும். இப்போது "காசு கொடுத்தாச்சே" என்ற தைரியம். அபராதத்தை எடுத்த பிறகும் அந்தக் கூச்சம் திரும்பி வரவில்லை.

நம் சாலையிலும் இதே கதைதான். அப்பா வாங்கிக் கொடுத்த இரண்டு லட்ச ரூபாய் பைக்கில் பறக்கிற பையனுக்கு 1000 ரூபாய் என்பது ஒரு நாள் பெட்ரோல் செலவு மாதிரி. அதே 1000 ரூபாய், பூக்கூடையை மொபட்டில் கட்டிக்கொண்டு விடிகாலையில் சத்தி பூ மார்க்கெட்டுக்குப் போகிறவருக்கு ஒரு வாரத்தைக் கெடுத்துவிடும். ஒரே தப்பு, ஒரே தொகை, ஆனால் வலி ஒன்று அல்ல. பின்லாந்து மாதிரி வருமானத்துக்கு ஏற்ற அபராதம் போட்டால் சரியாகலாம். வருமானத்தையே ஒழுங்காகக் கணக்கு காட்டாத ஊரில் அது எங்கே நடக்கும்?

பணக்காரனுக்கும் ஏழைக்கும் ஒரே அளவில் இருப்பது நேரம் ஒன்றுதான். எல்லோருக்கும் நாளைக்கு 24 மணி நேரம். வகுப்பு என்பது நேரத்தை அபராதமாக வாங்குவது. அப்பாவின் பர்ஸில் இருந்து அதைக் கட்ட முடியாது.

இரண்டு உத்தரவுகள்

நம் நாட்டில் இது நடந்திருக்கிறதா? நடந்திருக்கிறது, நல்லதும் கெட்டதுமாக.

2022ல் சென்னை அண்ணா சாலையில் பைக்கில் வீலிங் செய்து வீடியோ போட்ட ஓர் இளைஞர் ஜாமீன் கேட்டு உயர் நீதிமன்றத்துக்கு வந்தார். நீதிமன்றம் வைத்த நிபந்தனை என்ன தெரியுமா? மூன்று வாரம் திங்கட்கிழமைகளில் தேனாம்பேட்டை சிக்னலில் நின்று சாலைப் பாதுகாப்பைப் பற்றி மக்களுக்குச் சொல்ல வேண்டும். மற்ற நாட்களில் காலையில் ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையின் விபத்துப் பிரிவில் வார்டு ஊழியர்களுக்கு உதவியாக வேலை பார்க்க வேண்டும்.

அடுத்தது புனே. 2024 மே 19 அதிகாலையில் கல்யாணி நகரில் 17 வயதுப் பையன் ஓட்டியதாகச் சொல்லப்பட்ட போர்ஷே கார் மோதி இரண்டு இளம் ஐ.டி. பொறியாளர்கள் இறந்தார்கள். சில மணி நேரத்திலேயே சிறார் நீதி வாரியம் ஜாமீன் கொடுத்தது. நிபந்தனைகளில் ஒன்று, சாலை விபத்துகளைப் பற்றி 300 வார்த்தையில் ஒரு கட்டுரை! நாடே கொதித்தது. மூன்று நாளில் உத்தரவை மாற்றிப் பையனைக் கண்காணிப்பு இல்லத்துக்கு அனுப்பினார்கள்.

இரண்டுமே "பாடம்" என்ற எண்ணத்தில் வந்தவைதான். ஒன்றை மக்கள் பாராட்டினார்கள், இன்னொன்றைக் காறித் துப்பினார்கள். ஏன்? முதலாவதில் யாரும் சாகவில்லை, ஆனாலும் அந்த இளைஞர் தன் நேரத்தைக் கொடுத்தார். உடைந்த எலும்பையும் அழுகிற அம்மாவையும் நேரில் பார்க்க வேண்டி வந்தது. இரண்டாவதில் இரண்டு உயிர் போயிருந்தது, விலையோ ஒரு பக்கக் கட்டுரை. தண்டனை இருக்க வேண்டிய இடத்தில் பாடத்தை வைத்தால் அது பாடம் அல்ல, தப்பிக்கிற வழி.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. இரண்டுமே ஜாமீன் நிபந்தனைகள், குற்றம் நிரூபணம் ஆகும் முன் அந்தந்த இடத்தில் இருந்தவர்களுக்குத் தோன்றியவை. இப்படி ஆளுக்கு ஆள் மாறுவது ஒரு முறை ஆகுமா?

வகுப்பால் திருந்துவார்களா?

நேர்மையாகச் சொன்னால், வகுப்பு மட்டும் போதாது. லைசென்ஸ் வாங்கியவர்களுக்குக் கொடுக்கும் ஓட்டுநர் பயிற்சிகளைப் பற்றிய 24 சோதனைகளை காக்ரேன் அமைப்பு 2003ல் தொகுத்துப் பார்த்தது. அவை விபத்தைத் தடுக்கின்றன என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை.

பிரிட்டனில் கொஞ்சம் நல்ல செய்தி. அங்கே வரம்பைவிடக் கொஞ்சம் வேகமாகப் போய்ச் சிக்கினால் அபராதமும் லைசென்ஸில் புள்ளிகளும் வேண்டுமா, வகுப்புக்கு வருகிறாயா என்று கேட்கிறார்கள். 2018ல் வெளியான அரசு ஆய்வின்படி, வகுப்புக்குப் போனவர்கள் அடுத்த ஆறு மாதத்தில் மறுபடி வேகத்துக்காகச் சிக்குவது 12 முதல் 23 சதவீதம் வரை குறைந்திருந்தது. விபத்து குறைந்ததா என்பதை அந்த ஆய்வாலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

சரி, லைசென்ஸைப் பறிப்பது மட்டும் போதுமா? அதற்குக் கொங்கு மண்ணிலேயே உதாரணம் இருக்கிறது. கோவையைச் சேர்ந்த யூடியூபர் டி.டி.எஃப். வாசன் 2023 செப்டம்பரில் காஞ்சிபுரம் அருகே வீலிங் செய்யும்போது விழுந்து கையை உடைத்துக்கொண்டார். அவருடைய லைசென்ஸை 10 வருடத்துக்கு ரத்து செய்தார்கள். 2024 மே மாதம் மதுரையில் செல்போனில் பேசியபடி கார் ஓட்டியதாக அவர் மேல் மறுபடியும் வழக்கு! அந்த வழக்கு எப்படிப் போனாலும் சரி, அட்டையைப் பிடுங்கினால் மட்டும் மனசு மாறிவிடும் என்று நம்ப முடியுமா?

அதனால்தான் இரண்டையும் ஒன்றோடு ஒன்று கட்ட வேண்டும். முதலில் லைசென்ஸ் போக வேண்டும். அது திரும்பி வரும் வாசலில் வகுப்பு நிற்க வேண்டும். "அடி உதவுற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான்" என்று ஊரில் சொல்வார்கள். இங்கே அடியும் வேண்டும், அண்ணன் தம்பியும் வேண்டும்.

கோவை டாக்டர் போட்ட வழக்கு

இது ஒன்றும் புதிய யோசனை அல்ல. கோவை கங்கா மருத்துவமனையின் எலும்பு சிகிச்சை நிபுணர் டாக்டர் எஸ். ராஜசேகரன் 2012ல் உச்ச நீதிமன்றத்தில் ஒரு பொதுநல வழக்கு போட்டார். விபத்தில் சிக்கியவர்களை ஆபரேஷன் தியேட்டரில் தினம் பார்க்கிற ஒரு டாக்டர், விபத்தே நடக்காமல் இருக்க என்ன செய்வது என்று கோர்ட்டுக்குப் போனது சாதாரண விஷயம் இல்லை. அதன் பலனாக 2014ல் நீதிபதி கே.எஸ். ராதாகிருஷ்ணன் தலைமையில் சாலைப் பாதுகாப்புக் குழு அமைந்தது.

அந்தக் குழு 2015ல் மாநிலங்களுக்கு எழுதியது என்ன? அதிவேகம், சிக்னல் மீறல், குடித்துவிட்டு ஓட்டுவது, செல்போன் பேசியபடி ஓட்டுவது போன்றவற்றுக்குக் குறைந்தது மூன்று மாதம் லைசென்ஸை நிறுத்தி வையுங்கள். ஹெல்மெட், சீட் பெல்ட் போடாதவர்களுக்கு அபராதத்தோடு இரண்டு மணி நேரமாவது பாடம் நடத்துங்கள். 2019 திருத்தம் இன்னும் ஒரு படி மேலே போனது. 19வது பிரிவின்படி லைசென்ஸ் நிறுத்தப்பட்டவர் புத்தாக்கப் பயிற்சிக்குப் போக வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள். 200வது பிரிவில், அபராதத்தோடு சமூக சேவையும் செய்யச் சொல்ல மாநில அரசுக்கு அதிகாரம் உண்டு.

ஆனால் 2024 ஜூலை 1ல் அமலுக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவைப் பாருங்கள். சமூக சேவையைத் தண்டனைப் பட்டியலில் சேர்த்தார்கள், நல்லது. ஆனால் தாறுமாறாக ஓட்டுவதைப் பற்றிய 281வது பிரிவில் அது இல்லை. அங்கே பழையபடி ஆறு மாதம் வரை சிறை, இல்லை 1000 ரூபாய் வரை அபராதம், இல்லை இரண்டும். யாருக்குச் சமூக சேவை ரொம்பப் பொருந்துமோ அவர்களை விட்டுவிட்டார்கள்!

வண்டி ஓட்டிப் பிழைக்கிறவர்கள்

இங்கே ஒரு நியாயமான எதிர்க்கேள்வி வரும். மூன்று மாதம் லைசென்ஸ் இல்லை என்றால் கல்லூரி மாணவன் பஸ்ஸில் போவான். லாரி டிரைவர் என்ன செய்வார்? அவர் வீட்டில் அடுப்பு எரிய வேண்டாமா?

அது மட்டும் இல்லை. சத்தியில் இருந்து புளியம்பட்டி, அன்னூர் வழியாகக் கோவை போகிற ரோட்டில் ஒரு பஸ் இன்னொரு பஸ்ஸை முந்தத் துடிப்பதைப் பார்த்தால் டிரைவர் மேல்தான் கோபம் வரும். ஆனால் அடுத்த ஸ்டாப்பில் நிற்கிற பத்து பேரை யார் ஏற்றுவது என்பதில்தான் அந்தப் போட்டி. கலெக்‌ஷனைப் பார்த்துப் படி கொடுக்கிற இடத்தில் டிரைவரை மட்டும் உட்கார வைத்து "பொறுமையாக ஓட்டுப்பா" என்று பாடம் எடுத்தால் அவர் மனசுக்குள் சிரிப்பார். அந்த வகுப்பில் பக்கத்து நாற்காலியில் பஸ் முதலாளியும் உட்கார வேண்டும். சிறுவன் வண்டி ஓட்டினால் பெற்றோரைப் பொறுப்பாக்கி 25,000 ரூபாய் அபராதமும் மூன்று வருடம் வரை சிறையும் வைத்திருக்கிறது 199ஏ பிரிவு. அதே நியாயம் முதலாளிக்கும் பொருந்தும்தானே?

வண்டி ஓட்டிப் பிழைக்கிறவருக்கு, முதல் தப்பில் உயிர்ச்சேதம் இல்லை என்றால், வகுப்பையும் சேவையையும் சீக்கிரம் முடித்து லைசென்ஸைச் சீக்கிரம் வாங்கிக்கொள்ளும் வழி வைக்கலாம். இரண்டாவது தப்புக்கு அந்தச் சலுகை கூடாது.

வகுப்பு ஏ.சி. அறையில் படம் போட்டுக் காட்டி, கையெழுத்து வாங்கி, சர்ட்டிபிகேட் கொடுப்பதாக இருந்தால் வேண்டவே வேண்டாம். வீட்டில் இருந்தே வாங்குகிற சர்ட்டிபிகேட்டுக்கு நம் ஊரில் விலை வைக்க ஆள் இருக்கிறது. ஈரோடு மாவட்டத்தில் பெருந்துறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. போக்குவரத்துத் தொழிலாளர்களுக்காகச் சாலைப் போக்குவரத்து நிறுவனம் தொடங்கிய இடம் அது. அங்கே பத்து நாள் ஸ்ட்ரெச்சர் தள்ளட்டும். சொந்த ஊர் பஸ் ஸ்டாண்டில், தெரிந்த முகங்களுக்கு நடுவே, இரண்டு நாள் போக்குவரத்துக் காவலரோடு நிற்கட்டும். கூச்சம் வரும். வர வேண்டும். அபராதத்தால் வாங்க முடியாதது அந்தக் கூச்சத்தைத்தான்.

ஒருவர் இறந்துபோன வழக்கில் இதெல்லாம் தண்டனைக்கு மேல் கூடுதலாக இருக்கலாமே தவிர, தண்டனைக்குப் பதிலாக ஒருபோதும் இருக்கக் கூடாது. செத்தவர் வீட்டுக்கு யாரும் கட்டுரை எழுதிக் கடன் தீர்க்க முடியாது.

சட்டப் புத்தகத்தில் பாடத்துக்கு இடம் வைத்தாயிற்று. அதை டிக்கெட் மாதிரி கிழித்துக் கொடுக்கப் போகிறார்களா, இல்லை உண்மையாகவே நடத்தப் போகிறார்களா என்பதுதான் மிச்சம் இருக்கும் கேள்வி.