ஐந்து சான்றுகள் போதுமா?

4,29,49,67,297. இந்த எண் பகா எண்ணா, பகு எண்ணா?

ஒன்றாலும் தன்னாலும் அன்றி வேறெதனாலும் மீதமின்றி வகுபடாதது பகா எண் என்பதைப் பள்ளியிலேயே படித்துவிட்டோம். ஆனால் இந்த ஓர் எண்ணின் வகையை அறிய, கணித உலகம் 92 ஆண்டுகள் காத்திருந்தது என்றால் நம்புவீர்களா?

பிரான்சு நாட்டுக் கணித மேதை பெர்மா, 2-க்கு 1, 2, 4, 8, 16 என்று அடுக்குகளை இட்டு, வந்த விடையோடு ஒன்றைக் கூட்டிப் பார்த்தார். 3, 5, 17, 257, 65,537 என்ற எண்கள் கிடைத்தன. ஐந்தும் பகா எண்கள்! இவ்வாறு அடுக்கை இரட்டித்துக்கொண்டே போனால் வருபவை யாவும் பகா எண்களே என்று 1640-இல் கடிதம் எழுதினார். தம்மிடம் நிரூபணம் இல்லை என்பதையும் அவர் மறைக்கவில்லை.

அடுக்கு 32 ஆகும்போது வரும் ஆறாவது எண்தான் மேலே நான் தந்தது. 1732-இல் ஆய்லர் அது 641-ஆல் வகுபடும் என்று காட்டினார். 641-ஐ 67,00,417-ஆல் பெருக்கிப் பாருங்கள், உண்மை விளங்கும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், இந்த எண்ணின் பகாக் காரணி எதுவாயினும் அது 64-இன் மடங்கைவிட ஒன்று கூடுதலாகவே இருக்க வேண்டும். அத்தகைய பகா எண்கள் 193, 257, 449, 577, 641 என வருகின்றன. ஐந்தாவது முயற்சியில் விடை! இந்த விதியோ பெர்மாவின் தேற்றத்திலிருந்தே பெறப்படுவது. கருவி கையில் இருந்தும், நம்பிக்கை கண்ணை மறைத்துவிட்டது.

இன்று நம் வகுப்புகளில் நடப்பதும் இதுதானே? ஒன்று, இரண்டு, மூன்று என்று இட்டுப் பார்த்து, "எனவே எல்லா எண்களுக்கும் பொருந்தும்" என்று எழுதிவிடுகிறோம். பெரியவர் சொன்னார், புத்தகத்தில் இருக்கிறது, தேர்வுக்கு இது போதும் என்று குறிப்பேட்டை மூடிவிடுகிறோம். ஐயம் கேட்பது அவமரியாதை என்ற எண்ணமும் நம்மிடம் உண்டு. ஆய்லர் பெர்மாவை மதிக்காதவரா? பெர்மா நிரூபணமின்றி விட்டுச் சென்ற பல கூற்றுகளுக்கு நிரூபணம் தந்தவரே அவர்தாம். மதித்ததால்தான் சோதித்தார் என்பேன்.

ஆறாவது எண் முதல் தொடர்ந்து 28 எண்கள் பகு எண்களே என்று இப்போது தெரிந்திருக்கிறது. உடனே, "இனி வருபவை எல்லாம் பகு எண்களே" என்று சொல்லத் தோன்றுகிறதல்லவா? அதையும் எவரும் நிரூபிக்கவில்லை. ஐந்து சான்றுகள் போதவில்லை என்றால் இருபத்தெட்டும் போதாது.

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு பணிவான வேண்டுகோள். பாடம் முடியும் வேளையில் ஒரு மாணவன் எழுந்து, "ஆறாவதைப் பார்த்தோமா, ஐயா?" என்று கேட்டால், நேரமில்லை என்று அவனை அமர்த்திவிடாதீர்கள். நண்பர்களே, கேட்கும் அந்த மாணவன் நம்மில் ஒருவனாக இருக்கட்டும்!