டைல்ஸ் போட்டால் ஒழுகாதாம்!

ராயபுரத்தில் தொடங்கி எண்ணூர் வரை, எந்த மாடிக் குடியிருப்பில் நுழைந்தாலும் இந்தச் சண்டை காதில் விழும். கீழ் வீட்டுக்காரர் படியேறி வருவார். "யக்கா, எங்க பாத்ரூம் சீலிங்ல சொட்டுது, கொஞ்சம் இன்னான்னு பாரு." மேல் வீட்டு அக்காவிடம் பதில் தயாராக இருக்கும்: "எங்க வூட்லயா? நாங்கதான் போன வருசமே டைல்ஸ் போட்டுட்டோமே!" அதோடு வழக்கு தள்ளுபடி. டைல்ஸ் போட்ட வீடு ஒழுகாது என்பது இங்கே வடிவுடையம்மன் சன்னதியில் செய்த சத்தியம் மாதிரி ஆகிவிட்டது.

அது பொய். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஐந்தடிக்கு நாலடி பாத்ரூம். இந்தப் பக்கத்தில் பல வீடுகளுக்கு அவ்வளவுதான் இடம். ஓரடிச் சதுர டைல்ஸ் இருபது பிடிக்கும். ஒன்றோடொன்று சேரும் இடுக்குகளை மட்டும் அளந்தால் 31 அடி. தரையும் சுவரும் சேரும் ஓரம் இன்னும் 18 அடி. ஆக, இருபது டைல்ஸ் ஒட்டிய கையோடு 49 அடிக்குத் தண்ணீர் இறங்க வழியும் வைத்திருக்கிறோம். அந்த வழியை அடைத்திருப்பது கொஞ்சம் ஒயிட் சிமெண்ட். அது தண்ணீரை உறிஞ்சும்.

டைல்ஸும் எல்லாம் ஒரே சாதி அல்ல. விட்ரிஃபைட் டைல்ஸ் தன் எடையில் அரை சதவீதம்கூடத் தண்ணீர் குடிக்காது. சுவருக்கு ஒட்டுகிற சாதாரண டைல்ஸ் பத்து சதவீதத்துக்கு மேல் குடிக்கும். அதன் முகத்தில் இருக்கும் பளபளப்புப் பூச்சுதான் காவல். வெட்டிய ஓரத்திலும் குழாய்க்காகத் துளைத்த இடத்திலும் அந்தக் காவல் இல்லை.

அப்படியானால் தண்ணீரைத் தடுப்பது எது? கண்ணுக்குத் தெரியாத மூன்று வேலைகள். ஸ்லாப்புக்கு மேல் பூசும் வாட்டர் ப்ரூஃபிங், மூலையில் வளைந்து சுவரில் ஓரடியாவது ஏற வேண்டும். குளிக்கிற பக்கச் சுவரில் ஆள் உயரத்துக்கு ஏற வேண்டும். தண்ணீர் வடிகிற நஹானி டிராப்பைச் சுற்றியும் குழாய் ஸ்லாப்பைத் துளைக்கும் இடத்திலும் இடைவெளியில்லாமல் அடைக்க வேண்டும். மூன்றாவது வாட்டம்: அடிக்கு ஒன்று, ஒன்றரை நூல். ஐந்தடிக்கு முக்கால் அங்குலம் சரிந்தால் தண்ணீர் தானே ஓடிவிடும். இந்த மூன்றும் சரியாக இருந்தால் வெறும் சிமெண்ட் தரைகூட ஒழுகாது. கடப்பாக் கல் பதித்த பழைய ராயபுரத்து வீடுகளில் குளித்து வளர்ந்தவர்களுக்கு இது தெரியும். மூன்றும் இல்லாவிட்டால் இத்தாலியிலிருந்து கப்பலில் இறக்கி ஒட்டினாலும் ஒழுகும்.

வேறு ஊரில் இந்த மூடநம்பிக்கைக்கு ஆகும் செலவு ஒரு சீலிங் பூச்சு. நமக்கு அதோடு முடியாது. மீஞ்சூர் பக்கம் கடல்நீர் நிலத்தடிக்குள் புகுந்தது அரை நூற்றாண்டுக்கு முன்பே பதிவான சங்கதி. போர் தண்ணீர் உப்பு. டைல்ஸில் வெள்ளைக் கறை படிகிறது. கறை போக வாரம் தவறாமல் ஆசிட் ஊற்றித் தேய்க்கிறோம். ஆசிட் டைல்ஸை விட்டுவிட்டு இடுக்கிலிருக்கும் சிமெண்ட்டைத் தின்கிறது. அந்த வழியாக உப்பும் ஆசிட்டின் குளோரைடும் சேர்ந்து ஸ்லாப்புக்குள் இறங்குகின்றன. கம்பி வைத்த கான்கிரீட் கலக்கும் நீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது இந்தியத் தரநிலை ஐ.எஸ். 456. கலக்கும்போதே அவ்வளவு கறார் என்றால், வருஷக்கணக்கில் ஊறவிட்டால் கம்பி என்ன ஆகும்? துருப்பிடித்துப் பருக்கும், பருத்த கம்பி கான்கிரீட்டைப் பிளக்கும். கீழ் வீட்டு சீலிங்கில் இருந்து தட்டுத் தட்டாகப் பெயர்ந்து விழுவது அதுதான்.

2021 டிசம்பர் 27 அன்று திருவொற்றியூர் அரிவாக்குளத்தில் போர்டு குடியிருப்பு ஒன்று இடிந்து 24 வீடுகள் தரைமட்டமாயின. அதற்கு டைல்ஸ் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. உயிர்ச்சேதம் இல்லாமல் போனதற்குக் காரணத்தைச் சொல்கிறேன்: விரிசல் கண்ணில் பட்டது, ஜனங்கள் இறங்கி வெளியே வந்துவிட்டார்கள். கட்டடம் விழுவதற்கு முன் பேசும். ஓதம் காத்த சுவரின் மேலும் விரிசல் விட்ட தரையின் மேலும் டைல்ஸ் ஒட்டுவது அதன் வாயைப் பொத்துகிற வேலை.

"பெரிய டைல்ஸா போட்டா இடுக்கு கம்மி, ஒழுகாது" என்று கடையில் சொல்வார்கள். நாலடி அறையில் இரண்டடி டைல்ஸை நாலு பக்கமும் நஹானிக்குச் சரிக்க முடியாது. வெட்டித்தான் ஆக வேண்டும், வெட்டினால் இடுக்கு கூடும். வெட்டாமல் ஒட்டினால் மூலையில் தண்ணீர் தேங்கும். "பழைய டைல்ஸ் மேலயே புதுசு ஒட்டிடலாம், உடைக்கிற செலவு மிச்சம்" என்பார்கள். ஒழுகாத பாத்ரூமில் அழகுக்காக ஒட்டினால் ஒட்டிக்கொள்ளுங்கள். ஒழுகுகிற பாத்ரூமில் அது புண்ணுக்கு மேல் புதுச் சட்டை.

மேஸ்திரியை மட்டும் திட்டிப் பயன் இல்லை. கடையில் டிசைன் பார்க்க மூன்று ஞாயிற்றுக்கிழமை செலவழிக்கிறோம். அடியில் பூசுவதற்கு மேஸ்திரி ரெண்டு நாள் கேட்டால், "எதுக்குண்ணே, அதான் மேல டைல்ஸ் வருதுல்ல" என்று நாமே வெட்டிவிடுகிறோம். டைல்ஸுக்குக் காசு கொடுப்பதில் தாராளம். விருந்தாளிகள் பார்ப்பார்கள் அல்லவா?

ஆகவே வரிசையை மாற்றுங்கள். முதலில் உடைத்து, குழாயைச் சரிபார்த்து, வாட்டர் ப்ரூஃபிங் பூசுங்கள். அது காய்ந்ததும் நஹானியைத் துணியால் அடைத்து, இரண்டு அங்குலத்துக்குத் தண்ணீர் கட்டி, ஒரு நாள் முழுக்க அப்படியே விடுங்கள். மறுநாள் நீங்களே படியிறங்கிப் போய்க் கீழ் வீட்டுக் கதவைத் தட்டி, அவர்கள் பாத்ரூம் சீலிங்கைத் தொட்டுப் பாருங்கள். கை காய்ந்திருந்தால் மட்டும் டைல்ஸ் கடைக்குப் போங்கள்.