கேடிகளும் கனவான்களும்

எங்கள் பக்கத்தில் ‘கேடி’ என்றால் போலீஸ் ஸ்டேஷன் பலகையில் பேர் எழுதப்பட்டவன். வெள்ளைக்காரப் போலீஸ் குற்றவாளிப் பட்டியலில் போட்ட இரண்டு இங்கிலீஷ் எழுத்து, தமிழில் வசவாகி ஊருக்குள் தங்கிவிட்டது. கோல்ஃப் ஆடும் கனவான்களின் மட்டைப் பையைத் தோளில் சுமந்து பின்னால் நடப்பவனுக்கும் அதே பேர்தான். சொல் வேறு, ஒலி ஒன்று. 2009இல், பதினேழு வயதில், பெங்களூர்ப் பக்கம் கேடி வேலைக்குப் போகிறேன் என்றதும் அம்மா கேட்டாள்: “நம்மள ஏற்கனவே அப்பிடித்தான்டா பாக்கறாங்க. நீ வேற அந்தப் பேரையே வெச்சிக்கப் போறியா?”

போனேன். பிளஸ் டூ முடிந்த விடுமுறை. தொரப்பள்ளியிலிருந்து ஓசூர், ஓசூரிலிருந்து அத்திப்பள்ளி தாண்டி இன்னொரு பஸ். விடியுமுன் கேட்டுக்கு வெளியே குந்தியிருக்க வேண்டும். கேடி மாஸ்டர் வந்து ஆள் பொறுக்குவார். பதினெட்டுக் குழி முடிய நாலஞ்சு மணி நேரம். பை சுமக்கணும், பந்து தேடணும், பெயர்ந்த புல்லைத் திரும்பப் பதிக்கணும், மணல் குழியில் அவர் கால்தடத்தை வாரிச் சமன் செய்யணும். கனவான் நடந்த சுவடு தெரியக்கூடாது. நாம் நடந்த சுவடோ எப்போதுமே தெரிந்ததில்லை.

ஒருநாள் நான் சுமந்த பைக்குச் சொந்தக்காரர் செல்போனில் பேசிக்கொண்டு தள்ளிப் போனார். கை அரித்தது. ஒரு மட்டையை உருவி ஒரு பந்தை அடித்தேன். சும்மா சொல்லக்கூடாது, நேராகப் போனது. திரும்பிப் பார்த்தால் அவர் நிற்கிறார். திட்டவில்லை. நம்மாள், தமிழ்தான் பேசுவார். “எந்த ஊரு?” என்றார். தொரப்பள்ளி என்றேன். “ஊருக்குள்ளயா, வெளியவா?” என்றார். வெளியே என்றேன். இன்னொரு பையனைக் கூப்பிட்டு மட்டையின் கைப்பிடியைச் சோப்புப் போட்டுக் கழுவி வரச் சொன்னார். அந்த நாலு மணி நேரமும் அதே மட்டை என் தோளில்தான் தொங்கியது. சுமந்தால் தீட்டில்லை, பிடித்து அடித்தால் தீட்டு. சாதிக்கு இவ்வளவு நுட்பமான இலக்கணம் உண்டென்று எம்.ஏ. தமிழ் படித்தபோது எந்த வகுப்பிலும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

அதே 2009இல் சின்னசாமி முனியப்பா இந்தியன் ஓப்பனை வென்றார். பெங்களூர்க்காரர், பை சுமந்து ஆட்டம் கற்றவர். குர்கானில் கொரியா ஆட்டக்காரர் ஒருவரோடு சமநிலையில் நின்று, கூடுதல் குழியில் ஜெயித்தார். நாங்கள் கேட்டுக்கு வெளியே விசிலடித்தோம். பேப்பரில் வந்த படத்தைக் கத்தரித்து டீக்கடைச் சுவரில் ஒட்டினோம். உள்ளே லட்டு கொடுத்தார்கள். மட்டையைக் கழுவச் சொன்னவரே எனக்கும் கொடுத்தார், கை படாமல் மேலிருந்து போட்டு. “பாத்தியா, இந்த ஆட்டத்துல சாதி கீதி ஒண்ணும் கெடையாது. தெறம இருந்தா மேல வரலாம்” என்றார்.

இந்தக் கட்டுரை அந்த லட்டுக்கான பதில். இத்தனை வருஷம் தொண்டையிலேயே நின்றுவிட்டது.

முனியப்பா என்ன சாதி என்று நான் தேடவில்லை. அது எனக்குத் தேவையும் இல்லை. பை சுமப்பவன் என்ற இடம் ஒன்றே போதும். அவர் வெற்றி அவருடையது. அதில் ஒரு துளியைக்கூடக் குறைத்துப் பேச எனக்கு உரிமை கிடையாது. என் சண்டை அந்த வெற்றியைச் சாட்சிக்கூண்டில் ஏற்றி, “பார், கதவு திறந்திருக்கிறது” என்று சொல்ல வைப்பவர்களோடு. ஒருவர் கோப்பை வாங்கினால் கதவு திறந்துவிடுமா? சரித்திரத்தைப் பார்ப்போம்.

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் பாப்வா சேவ்கோலம் என்று ஒருவர். இந்திய வம்சாவளி, எழுதப் படிக்கத் தெரியாதவர், பை சுமந்து வளர்ந்தவர். மட்டையைப் பிடிப்பதில் எல்லோருக்கும் எந்தக் கை மேலேயோ அவருக்கு அது கீழே. அந்தத் தலைகீழ்ப் பிடியோடு 1959, 1960, 1964 என மூன்று முறை டச்சு ஓப்பனை வென்றார். 1963இல் சொந்த ஊரில் வெள்ளையரோடு ஆடி நேட்டால் ஓப்பனை ஜெயித்தார். பரிசளிப்பின்போது மழை. வெள்ளை ஆட்டக்காரர்கள் கிளப் கட்டடத்துக்குள். நிறவெறிச் சட்டப்படி அவர் உள்ளே நுழையக்கூடாது. கோப்பையை வெளியே, மழையில் நிற்க வைத்துக் கொடுத்தார்கள். 1965இல் அதே போட்டியில் உலகப் புகழ்பெற்ற கேரி பிளேயரையே தோற்கடித்தார். கதவு திறந்ததா? இல்லை. வெள்ளையர் போட்டிகளில் அவர் ஆடுவதையே அரசு தடுத்தது. 1978இல் செத்துப்போனார்.

இந்தக் கதையைப் படிக்கும் நம்மூர்க் கனவான்கள் கண் கலங்குவார்கள். டர்பன் மழை அவர்கள் கண்ணுக்குத் தெரியும், பூனாவின் மண் குவளை தெரியாது. பல்வங்கர் பாலு, சமார் சாதியில் பிறந்த பந்துவீச்சாளர். 1911 இங்கிலாந்துப் பயணத்தில் நூறு விக்கெட்டுக்கு மேல் எடுத்தவர். பூனாவில் இந்துக்களின் கிளப்புக்காக ஆடியபோது, அவருக்கு டீ பெவிலியனுக்கு வெளியே, தனி மண் குவளையில். இந்து அணிக்குத் தலைவராக அவரைக் கடைசிவரை ஆக்கவில்லை. பந்து பொது, குவளை தனி. இதற்குச் சட்டம் எதுவும் தேவைப்படவில்லை என்பதைக் கவனியுங்கள்.

அமெரிக்காவுக்கு வருவோம். சார்லி சிஃபோர்ட், 1922இல் பிறந்த கறுப்பர், சிறுவயதில் பை சுமந்தவர். தொழில்முறைக் கோல்ஃப் சங்கத்தின் விதியிலேயே ‘வெள்ளை இனத்தவருக்கு மட்டும்’ என்று எழுதி வைத்திருந்தார்கள். அந்த வரி 1961இல்தான் போனது. அப்போது அவருக்கு வயது முப்பத்தொன்பது. ஆட்டக்காரனின் நல்ல வயசெல்லாம் கேட்டுக்கு வெளியிலேயே கழிந்துவிட்டது. அதற்குப் பிறகும் 1967இலும் 1969இலும் பெரிய போட்டிகளை வென்றார். ஆனாலும் அகஸ்டாவில் நடக்கும் மாஸ்டர்ஸ் போட்டிக்கு அவரை ஒருமுறைகூட அழைக்கவில்லை. அங்கே ஆடிய முதல் கறுப்பர் லீ எல்டர், 1975இல். அதே அகஸ்டாவில் 1982 வரை பை சுமக்கக் கறுப்பர்கள்தான். உறுப்பினராக முதல் கறுப்பர் 1990இல்.

எது கதவைத் திறந்தது? சிஃபோர்டின் மட்டை மட்டும் அல்ல. 1961இல் கலிஃபோர்னியா அரசின் தலைமை வழக்கறிஞர் சட்டத்தைக் காட்டி நெருக்கினார், விதி போனது. 1990இல் அலபாமாவில் கறுப்பரைச் சேர்க்காத ஒரு கிளப்பில் பெரிய போட்டி வைத்தார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் கம்பெனிகள் விளம்பரத்தை வாபஸ் வாங்கின, கிளப்புகள் அவசர அவசரமாக உறுப்பினர் தேடின. திறமை கதவைத் தட்டிக்கொண்டே இருந்தது. திறந்தது வழக்கும் புறக்கணிப்பும்.

இங்கேதான் நம் சிக்கல். அவன் எழுதி வைத்தான், அதனால் அழிக்க முடிந்தது. நம்மவன் எழுதுவதே இல்லை. புதிதாக ஒருவர் சேர, இருக்கும் உறுப்பினர் முன்மொழியணும், இன்னொருவர் வழிமொழியணும். அவ்வளவுதான் விதி. எந்தச் சேரியில் முன்மொழிய ஆள் இருக்கிறது? அலி ஷேர் டெல்லி கோல்ஃப் கிளப்பில் பை சுமந்தவர். 1991இல் அதே மைதானத்தில் இந்தியன் ஓப்பனை வென்றார். இந்தியத் தொழில்முறை ஆட்டக்காரர் ஒருவர் அதை வென்றது அதுதான் முதல்முறை. இருபத்தாறு வருஷம் கழித்து, 2017இல், அதே கிளப்பின் உணவுக்கூடத்துக்கு விருந்தாளியாக வந்த மேகாலயாவின் காசிப் பழங்குடிப் பெண்ணை, உடுத்திய மரபு உடை வேலைக்காரி உடைபோல் இருக்கிறதென்று வெளியே போகச் சொன்னார்கள். அலி ஷேரின் கோப்பை எந்தக் கதவைத் திறந்தது?

சட்டமும் கொஞ்ச காலம் கனவான்கள் பக்கமே நின்றது. மெட்ராஸ் ஜிம்கானா கிளப் தொழிலாளர்கள் வழக்கில், உறுப்பினர் கிளப் ‘தொழில்’ ஆகாது என்று 1967இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதாவது, அங்கே வேலை செய்பவனின் தகராறு தொழில் தகராறே இல்லை. 1978இல் பெங்களூர் நீர் வழங்கல் வழக்கில்தான் அந்தத் தீர்ப்பு விழுந்தது. தீர்ப்பு விழுந்தும் கேட்டுக்கு வெளியே குந்தியிருக்கும் கேடிக்கு என்ன வந்தது? நான் சுமந்த காலத்தில் எனக்கு வருகைப் பதிவேடு இல்லை, பி.எஃப். இல்லை. பந்து மண்டையில் பட்டால் நாங்களே துண்டு வசூல் செய்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனோம்.

எங்கள் தொரப்பள்ளிக்கு ஒரு பெருமை சொல்வார்கள். ராஜாஜி பிறந்த ஊர், 1878. அந்த வீடு இன்று நினைவு இல்லம். 1953இல் அவர் முதலமைச்சராக இருந்து கொண்டுவந்ததுதான் அரைநாள் பள்ளி, அரைநாள் அப்பன் தொழில் என்ற திட்டம். குலக்கல்வி என்று பேர் வைத்து எதிர்த்து 1954இல் ஒழித்தார்கள். பள்ளிக்கூடத்தில் ஒழிந்தது, கோல்ஃப் மைதானத்தில் ஒழியவில்லை. கேடியின் மகன் கேடி, புல் வெட்டுபவரின் மகன் புல் வெட்டுபவர். நடுவில் ஒருவன் தப்பி ஆட்டக்காரனானால், அவன் படத்தைக் காட்டி மற்ற எல்லோரையும் திரும்பப் பை தூக்க அனுப்புகிறார்கள்.

தோழர்களில் சிலர் கேட்கிறார்கள்: “பணக்காரன் ஆட்டம், நமக்கெதுக்கு?” நமக்கில்லாமல் வேறு யாருக்கு? பை நம் தோளில். பல கிளப்புகள் நிற்பது அரசு குத்தகை நிலத்தில். நமக்கு வீட்டுமனைப் பட்டா கேட்டால் இடமில்லை என்று சொல்லும் அதே அரசு.

ஆகவே ‘முதல் தலித் சாம்பியன் எப்போது வருவார்’ என்று காத்திருப்பதை விடுவோம். கேட்கவேண்டியது வேறு. அரசு நிலத்தில் நிற்கும் ஒவ்வொரு கிளப்பும் யார் யார் உறுப்பினர் என்ற கணக்கைச் சாதிவாரியாக வெளியிடட்டும். கேடிகளின் பேரைத் தொழிலாளர் பதிவேட்டில் எழுதட்டும். இரண்டும் இல்லையென்றால் குத்தகையை ரத்து செய்யச் சொல்லிப் போராடுவோம். எழுதாத விதியை முதலில் எழுத வைக்கவேண்டும். எழுதினால்தான் அழிக்க முடியும்.

இப்போது என் சித்தப்பா மகன் கேடி வேலைக்குப் போகிறான். போன வாரம் கேட்டான்: “அண்ணா, நீ அடிச்ச பந்து நெஜமாவே நேராப் போச்சா?”

போனதுடா. பந்துக்குச் சாதி தெரியாது. கைப்பிடியைக் கழுவச் சொன்னவனுக்குத்தான் தெரியும்.