பேழையில் ஏறாத விலங்குகள்

டைனோசர்கள் ஏன் மறைந்தன என்னும் வினாவைச் சிறுபிள்ளைகளின் வேடிக்கை வினா என்று ஒதுக்கிவிடலாகாது. மறைக்கல்வி வகுப்பில் ஒரு சிறுவன் இதனை எழுப்பும்போது அவன் உள்ளத்தில் வேறொரு வினாவும் எழுகிறது: பள்ளியில் கற்பிப்பதும் கோவிலில் கற்பிப்பதும் ஒன்றுக்கொன்று பகையா? இரண்டில் ஒன்றை நான் கைவிட வேண்டுமா? இவ்வினாவுக்கு நாம் அளிக்கும் விடையைப் பொறுத்தே இருபது வயதில் அவன் கோவிலுக்குள் நிற்பதும் வெளியேறுவதும் அமையக்கூடும்.

'டைனோசர்கள் நோவாவின் காலத்துப் பெருவெள்ளத்தில் அழிந்தன. உலகின் வயது ஆறாயிரம் ஆண்டுகளே. இதை நம்பாதவன் விவிலியத்தை நம்பாதவன்.' இப்படி ஒரு விடை இன்று உரத்த குரலில் வழங்கப்படுகிறது. இதன் ஊற்று நம் திருச்சபையன்று. கி.மு. 4004இல் உலகம் தோன்றியது என்று 1650இல் கணக்கிட்டவர் அயர்லாந்து நாட்டு ஆங்கிலிக்கன் பேராயர் ஜேம்ஸ் அஷர். வெள்ளத்தைக் கொண்டே நிலவியல் முழுவதையும் விளக்க முயன்ற நூலை 1961இல் வெளியிட்டவர்கள் அமெரிக்கர்களாகிய விட்கோம், மோரிஸ் இருவர். அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் 2007இல் ஓர் அருங்காட்சியகமும், 2016இல் பேழையின் உருவில் மாபெரும் கட்டடமும் எழுந்தன. அப்பேழையினுள் டைனோசர் பொம்மைகளும் கூண்டில் நிற்கின்றன. அக்கருத்துகளே கைப்பேசி வழியாக நம் இளைஞர்களிடமும் வந்து சேர்கின்றன. ஆகவே இதனை அயல்வீட்டுச் சண்டை என்று நாம் வாளாவிருத்தல் இயலாது.

அறிவியல் கூறுவதை முதலில் நேர்மையுடன் கேட்போம். இத்தாலியின் குப்பியோ நகரருகே, சுண்ணாம்புப் பாறை அடுக்குகளுக்கிடையே விரல் பருமனுள்ள ஒரு களிமண் படலம் உண்டு. அதில் இரிடியம் என்னும் உலோகம் சுற்றியுள்ள பாறைகளில் இருப்பதைப்போல் ஏறத்தாழ 30 மடங்கு இருப்பதை லூயிஸ் அல்வாரெஸ், அவர் மகன் வால்டர் அல்வாரெஸ், துணைநின்ற ஃபிராங்க் அசாரோ, ஹெலன் மிஷெல் ஆகியோர் 1980இல் வெளியிட்டனர். பூமியின் மேலோட்டில் அரிதாகவும் விண்கற்களில் மிகுதியாகவும் காணப்படுவது அவ்வுலோகம். எனவே ஏறத்தாழ 10 கிலோமீட்டர் அகலமுள்ள விண்பாறை ஒன்று பூமியில் மோதியிருக்க வேண்டும் என்றனர். மோதிய இடம் எங்கே என்று உலகம் கேட்டது. மெக்சிகோவின் யுகதான் தீபகற்பத்தில், பாதி நிலத்தடியிலும் பாதி கடலடியிலும் புதைந்துகிடக்கும் ஏறத்தாழ 180 கிலோமீட்டர் விட்டமுள்ள சிக்சுலூப் பள்ளமே அது என்று 1991இல் அறிஞர்கள் எடுத்துக்காட்டினர். இது நிகழ்ந்தது 6 கோடியே 60 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்பு. உயிரினங்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு அப்போது மறைந்தன.

'அறிஞர்களே தமக்குள் முரண்படுகிறார்களே' என்பர் சிலர். ஆம், முரண்பட்டனர். நம் தக்காணப் பீடபூமியில் பரந்துகிடக்கும் கரும்பாறை, அதே காலத்தில் எரிமலைகள் கக்கிய குழம்பு உறைந்தது. இன்று எஞ்சியிருப்பதே ஏறத்தாழ 5 இலட்சம் சதுர கிலோமீட்டர் பரப்பு. மேற்குத் தொடர்ச்சி மலையில் சில இடங்களில் 2 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட கனம். அழிவுக்கு முதற்காரணம் அந்த எரிமலைகளே என்று கெர்டா கெல்லர் போன்றோர் வாதிட்டனர். 2010இல் 41 அறிஞர் கூடி ஆராய்ந்து விண்பாறையின் மோதலே முதன்மைக் காரணம் எனத் தீர்ப்புரைத்தபின்னும் எரிமலைகளின் பங்கு பற்றிய ஆய்வு ஓயவில்லை. இம்முரணை அறிவியலின் தோல்வி என்று கொண்டாடுவோர் ஒன்றை மறைக்கின்றனர். மோதலா, எரிமலையா என்று வாதிடும் இரு தரப்பினருமே 6 கோடியே 60 இலட்சம் ஆண்டு என்பதில் ஒருமித்து நிற்கின்றனர். நோயாளி மாரடைப்பால் இறந்தாரா, சிறுநீரகக் கோளாறால் இறந்தாரா என மருத்துவர் இருவர் வாதிடுவதைக் கேட்டு, 'ஆகவே அவர் நேற்றுத்தான் பிறந்தார்' என்று முடிவுகட்டுவது எவ்வகை அறிவு?

இனி வெள்ளத்தை அதே பாறைகளின்முன் நிறுத்துவோம். தக்காணத்தின் எரிமலைக் குழம்பு ஒரே வீச்சில் பாய்ந்ததன்று, அடுக்கடுக்காகப் பாய்ந்தது. ஓர் அடுக்குக்கும் மறு அடுக்குக்கும் இடையே ஏரிகளின் வண்டல் உண்டு. அவ்வண்டலில் நன்னீர் நத்தைகள், மீன்கள், தாவரங்கள் ஆகியவற்றின் எச்சங்கள் கிடைக்கின்றன. மும்பையின் வொர்லிப் பகுதியில் தவளைகளின் எலும்புகளே கிடைத்தன. குழம்பு ஆறி, மண்ணாகி, ஏரி தேங்கி, தவளை குடியேறியபின் மீண்டும் குழம்பு பாய்ந்திருக்கிறது. ஏறத்தாழ ஓராண்டே நீடித்ததாகத் தொடக்கநூல் கூறும் வெள்ளத்தின் அடியில், உலகமெல்லாம் நீரால் மூடிக்கிடக்கையில், ஏரி எப்படித் தேங்கும்? இவ்வண்டல்களின் எச்சங்களைப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே நாகபுரியில் தேடிச் சேகரித்தவர் ஸ்டீபன் ஹிஸ்லப் என்னும் ஸ்காட்லாந்து மறைபரப்பாளர் என்பதையும் இங்கே நினைவிற்கொள்க. மறைநூலைக் கையிலேந்திய அவர் சுத்தியலையும் ஏந்த அஞ்சவில்லை.

மேலும் ஒரு சான்று. மத்தியப் பிரதேசத்தின் தார் மாவட்டத்தில் 92 டைனோசர் கூடுகளும் அவற்றில் 256 முட்டைகளும் கண்டறியப்பட்டதாக 2023இல் ஆய்வாளர் அறிவித்தனர். தாய் விலங்கு நிலம் தேடி வந்து, குழி பறித்து, முட்டையிட்டுச் சென்ற இடங்கள் அவை. மலைகளையும் மூழ்கடித்த வெள்ளத்தின் நடுவில் எந்தத் தாய் கரையேறி நிதானமாகக் கூடு கட்டும்? யோபு நூலில் வரும் பெகிமோத்து ஒரு டைனோசரே என்று வாதிடுவோரும் உளர். அதன் வாலைக் கேதுரு மரத்தோடு ஒப்பிடும் ஓர் அடியே அவர்களுக்குப் போதுமாம். நாணலும் சேறும் யோர்தானும் சூழ வாழும் விலங்காக அக்கவிஞர் பாடியதை அவர்கள் பொருட்படுத்துவதில்லை. நெடுங்கழுத்து டைனோசரைக் கண்ட ஒரு கவிஞர் அதன் வாலை மட்டும் பாடிவிட்டுக் கழுத்தைப் பாடாமல் விட்டிருப்பாரா?

இதுவரை கண்டவை எளிய வாதங்கள். எதிர்த்தரப்பின் வலிய வாதம் ஒன்று உண்டு; அதை மதித்தே விடை கூற வேண்டும். 'பாவத்தின் வழியாகவே சாவு உலகில் நுழைந்தது என்று பவுலடியார் கற்பிக்கிறாரே! மனிதன் தோன்றுவதற்குக் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பே விலங்குகள் மாண்டன என்றால், மீட்பின் அடித்தளமே ஆட்டங்காணாதா?' இக்கேள்வி உண்மையான பக்தியிலிருந்து பிறப்பது. இதை எள்ளி நகையாடுதல் தகாது.

குஜராத்தின் தோலி துங்கிரி என்னும் ஊரில் கிடைத்த ஒரு பாறைத் துண்டு இக்கேள்வியை நம் கண்முன் நிறுத்துகிறது. அதில் டைனோசர் முட்டைகள். அருகே, முட்டையிலிருந்து அப்போதுதான் வெளிவந்த, ஏறத்தாழ அரை மீட்டர் நீளமுள்ள குஞ்சு. நசுங்கிய முட்டை ஒன்றைச் சுற்றிச் சுருண்டு கிடக்கும் மூன்றரை மீட்டர்ப் பாம்பு. குஞ்சை விழுங்க வந்த அப்பாம்பு, இரையோடு தானும் திடீரென மண்ணில் புதையுண்டது என்று 2010இல் அறிஞர் விளக்கினர். ஆதாமும் ஏவாளும் கனியும் இல்லாத காலத்தில் பாம்பும் இருந்தது, சாவும் இருந்தது. இப்பாறையை என்ன செய்வது? கண்ணை மூடிக்கொள்வதா?

தேவையில்லை. இப்பாறையைக் காணாமலேயே புனித தோமா அக்குவினார் பதின்மூன்றாம் நூற்றாண்டில் விடை கூறிவிட்டார். மனிதனின் பாவத்தால் விலங்குகளின் இயல்பு மாறிவிடவில்லை. இன்று ஊனுண்ணும் சிங்கமும் வல்லூறும் அன்று புல் தின்று வாழ்ந்தன என்பது ஏற்கத்தக்கதன்று என்பது அவர் முடிவு. பவுலடியார் உரோமையருக்கு எழுதியது மனிதனின் சாவைப் பற்றியது. கடவுளோடு நட்புறவுக்கு அழைக்கப்பட்டவன் அவ்வுறவை முறித்துக்கொண்டதால் அவனுக்கு நேர்ந்த சாவு அது. பல்லியின் சாவை அவர் ஆராயவில்லை. இளஞ்சிங்கங்கள் கடவுளிடமே இரை கேட்டு முழங்குகின்றன என்று பாடும் 104ஆம் திருப்பாடல், உயிர்மூச்சு திரும்பப் பெறப்படுகையில் அவை மண்ணுக்குத் திரும்புவதையும் அதே புகழ்ச்சியில் சேர்த்தே பாடுகிறது. பாவத்தின் நிழல் அங்கே இல்லை. ஆக, இவ்வாதத்தில் விவிலியத்தைக் குறுக்குவோர் யார்?

இனி நம் இல்லத்தினுள்ளேயும் நோக்க வேண்டும். அறிவியலை ஏற்றுக்கொண்டதாக எண்ணும் நம்மவர் சிலர், 'மனிதனுக்கு இடமளிக்கவே இறைவன் அந்தக் கல்லை எறிந்தார்' என்று மறையுரைக்கின்றனர். கேட்க இனிமையாயிருப்பினும் இதுவும் பிழையே. டைனோசர்கள் வாழ்ந்த 16 கோடி ஆண்டுகளை இது ஒரு காத்திருப்பு அறையாக்கிவிடுகிறது. நல்லது எனக் கண்டவர் தாம் படைத்ததைத் தடைக்கல்லென அகற்றினாரா? இன்று ஓர் ஊரை வெள்ளமோ ஆழிப்பேரலையோ அழித்தால், அதுவும் யாருக்கோ இடமளிக்கத்தான் என்போமா? இவ்வகை இறையியல் துன்புற்றோர் இல்லத்தின்முன் நின்று பேசமுடியாதது. அங்கே பேசமுடியாததை மறையுரை மேடையிலும் பேசலாகாது.

பெருவெடிப்புக் கோட்பாட்டின் தந்தை ஜார்ஜ் லெமேத்ர் ஒரு பெல்ஜியக் குரு. 1951இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் அக்கோட்பாட்டைப் படைப்பின் சான்றாகப் புகழ்ந்துரைத்தபோது அவர் மகிழவில்லை, கவலையுற்றார். தம் கோட்பாடு சமய வினாக்களுக்கு வெளியே நிற்பது என்பது அவர் நிலைப்பாடு. அறிவியலின் இன்றைய முடிவின்மேல் விசுவாசத்தைக் கட்டினால், நாளை அம்முடிவு திருத்தப்படும்போது விசுவாசமும் சரியும் என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

மறுபுறம், 'ஒரு கல் சற்று விலகிச் சென்றிருந்தால் மனிதனே தோன்றியிருக்க மாட்டான். ஆகவே படைப்புக்கு நோக்கமில்லை, படைத்தவரும் இல்லை' என்போருக்கும் ஒரு சொல். கல் எங்கிருந்து வந்தது, எவ்வளவு வேகத்தில் வந்தது, எத்துணைப் புழுதியை எழுப்பியது என்று உங்கள் கருவிகள் அளக்கட்டும், வணங்கிக் கேட்கிறோம். ஆனால் நோக்கம் என்பது இரிடியத்தைப்போல் மண்ணில் படிவதன்று. அளக்கும் கருவியில் அகப்படாததை இல்லை என்பது அறிவியலின் முடிவன்று. அறிவியலின் ஆடையை அணிந்த மற்றொரு நம்பிக்கையே.

நம் திருச்சபை இதில் தெளிவற்று நிற்கவில்லை. மறைநூலாசிரியர் கையாண்ட இலக்கிய வகைகளை அறிந்தே மறைநூலைப் பொருள்கொள்ள வேண்டும் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் கற்பித்தது. எழுத்தைப் பற்றிக்கொண்டு பொருளை இழக்கும் அடிப்படைவாத வாசிப்பின் ஆபத்தைப் பாப்பிறை விவிலிய ஆணையம் 1993இல் சுட்டிக்காட்டியது. பரிணாமக் கொள்கை வெறும் கருதுகோள் அன்று, அதனினும் மேலானது என்று திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1996இல் கூறினார். இவற்றுக்கெல்லாம் ஏறத்தாழ 1600 ஆண்டுகளுக்கு முன்பே புனித அகுஸ்தினார், இயற்கையைப் பற்றிப் பிறர் நன்கறிந்தவற்றில் கிறிஸ்தவன் மறைநூலைச் சான்றுகாட்டிப் பிதற்றினால், உயிர்ப்பையும் நிலைவாழ்வையும் பற்றி அதே நூல் கூறுவதை அவர்கள் எப்படி நம்புவர் என்று கவலையோடு வினவினார்.

அந்தக் கவலையே இன்றும் நம்முன் நிற்கிறது. 'இதை நம்பு, அல்லது விவிலியத்தைக் கீழே வை' என்று இளைஞனிடம் கூறுகிறவர், அவன் கல்லூரிக்குச் சென்று பாறைகளைத் தொட்டுப் பார்க்கும் நாளில் விவிலியத்தைக் கீழே வைப்பதற்கு அவனை இன்றே ஆயத்தம் செய்கிறார். இக்கேடு கடவுள் மறுப்போரால் விளைவதில்லை. விவிலியத்தின் காவலர் எனத் தம்மைச் சொல்லிக்கொள்வோரால் விளைகிறது.

எனவே மறைக்கல்வி ஆசிரியர்களே, வினவும் சிறுவனை அதட்டாதீர், மழுப்பவும் வேண்டாம். பாறை அடுக்குகளை வாசிக்கும் முறையை 1669இல் உலகுக்குக் கற்பித்த நீல்ஸ் ஸ்டென்சன் பின்னர் குருவாகி, 1677இல் ஆயராகி, 1988இல் அருளாளர் பட்டம் பெற்றவர் என்று அவனிடம் கூறுங்கள். அடித்தட்டில் கிடப்பது முந்தியது, மேல்தட்டில் கிடப்பது பிந்தியது என்ற அவருடைய விதியே இன்றளவும் நிலவியலின் அரிச்சுவடி. டைனோசர்கள் முற்றிலும் மறையவுமில்லை, அவற்றின் ஒரு கிளையே பறவைகளாய்த் தொடர்கிறது என்றும் சொல்லுங்கள். உங்கள் முற்றத்தில் மண்ணைக் கிளறும் கோழியை அவனுக்குக் காட்டுங்கள். பிறகு இன்னொன்றையும் சொல்லுங்கள்: அன்றைய அழிவுக்கு ஒரு கல் காரணமாயிற்று, அதற்குக் குற்றம் இல்லை. இன்று உயிரினங்கள் அழிவதற்கு நாமே காரணம் என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் தம் சுற்றுமடலில் வருந்தி எழுதினார். டைனோசர்களின் சாவில் பாவத்தைத் தேடி அலையும் நாம், பாவம் உண்மையிலேயே இருக்கும் இச்சாவில் அதைத் தேடுகிறோமா?