ஒருவருக்கு மாரடைப்பு, குடும்பத்துக்கே பரிசோதனை

நாற்பது வயதுக்குள் மாரடைப்பு வந்தவரின் எல்.டி.எல். கொழுப்பு 190ஐத் தாண்டியிருந்தால், குதிகாலுக்கு மேலே தசைநாண் தடித்திருந்தால், எண்ணெய்ப் பலகாரத்தை மட்டும் திட்டிப் பயனில்லை. சுமார் 250 பேரில் ஒருவருக்குப் பரம்பரை மிகைக் கொழுப்பு இருக்கிறது. ரத்தத்திலிருந்து கொழுப்பை இழுத்துக்கொள்ளும் ஏற்பி பழுதாவதே பெரும்பாலும் காரணம். அந்த ஏற்பியைக் கண்டறிந்த பிரவுனும் கோல்ட்ஸ்டீனும் 1985இல் நோபல் பரிசு பெற்றார்கள். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. நெதர்லாந்து 1994 முதல் இத்தகைய நோயாளிகளின் உறவினர்களைத் தேடிப்போய் மரபணுச் சோதனை செய்து, ஆயிரக்கணக்கானோரை நெஞ்சுவலி வருமுன்பே கண்டுபிடித்தது. நமக்கும் அந்த வழிதான் உகந்தது.

எச்சிலை அனுப்பினால் இதய ஆபத்தைக் கணித்துத் தருவதாக விற்கப்படும் மரபணு மதிப்பெண்கள் வேறு ரகம். அவை பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினரின் தரவில் உருவானவை. தெற்காசியருக்கு அவ்வளவு பொருந்துவதில்லை. குடும்பம் முழுவதற்கும் மரபணுச் சோதனை செய்யச் செலவு கட்டுப்படியாகாது என்பது நியாயமான ஆட்சேபம். ஆனால் ஒருவரிடம் பிழை எங்கே என்று தெரிந்தபின், உறவினர்களுக்கு அந்த ஓரிடத்தைப் பார்த்தால் போதும். அதற்கும் வழியில்லாவிட்டால் சாதாரண லிப்பிட் பரிசோதனை இருக்கிறது. மரபணுவில் ஒன்றும் அகப்படாவிட்டாலும் கொழுப்பு ஏறியிருந்தால் மாத்திரை வேண்டும். பெண்ணின் கல்யாணத்துக்குத் தடையாகும் என்று மறைக்கும் குடும்பங்கள் உண்டு. ஸ்டாட்டின் மாத்திரையால் பெரும்பாலும் அடங்கும் கோளாறை ஒளித்துவைத்து, அவளுடைய அண்ணன் தம்பிகளையும் ஆபத்தில் விடுகிறார்கள்.