கழுத்தை நெரித்தால் நாய் கற்குமா?

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் இப்போது தெருவுக்கு நாலு வீட்டில் நாய் வளர்க்கிறார்கள். கணவனும் மனைவியும் வேலைக்குப் போய்விட்டால் பகலெல்லாம் வீடு பூட்டிக் கிடக்கிறது. காவலுக்கு ஒரு நாய் இருக்கட்டும் என்று வாங்குகிறார்கள். வாங்குவதில் தப்பில்லை. ஆனால் குட்டியோடு சேர்த்து இன்னொரு பொருளையும் வாங்கி வருகிறார்கள். அதன் பெயர் 'சோக் செயின்'.

இரும்புச் சங்கிலியை அதன் ஒரு முனை வளையத்துக்குள்ளேயே நுழைத்துக் கழுத்தில் மாட்டுவது. இழுத்தால் இறுகும். விட்டால் தளரும். சுருக்குக் கயிறு செய்கிற வேலைதான். உள்பக்கம் முள் வைத்த பட்டையும் விற்கிறது.

"இதைப் போட்டால்தான் சார் அடங்கும்" என்கிறார் விற்கிறவர். "வெடுக்குன்னு ஒரு இழு இழுங்க, அப்புறம் பாருங்க" என்கிறார் வீட்டுக்கே வந்து பழக்குகிறவர்.

நாய் அடங்குகிறதா? அதுதான் கேள்வி.

இந்தக் கேள்விக்கான பதில் நாய் வைத்திருப்பவருக்கு மட்டும் வேண்டியதல்ல. விடியற்காலையில் பால் பாக்கெட் போடுகிற பையனுக்கும் வேண்டும். கேஸ் சிலிண்டரைத் தூக்கி வருகிறவருக்கும் வேண்டும். கடைசி ரயிலில் இறங்கி இருட்டில் நடந்து போகிற குமாஸ்தாவுக்கும் வேண்டும். கடிபடுகிறவர்கள் இவர்கள்தானே!

2024 மே மாதம் நுங்கம்பாக்கம் பூங்காவில் 5 வயதுச் சிறுமியை இரண்டு ராட்வீலர் நாய்கள் கடித்துக் குதறின. 2025 ஆகஸ்டில் ஜாபர்கான்பேட்டையில் பிட்புல் நாய் கடித்து 55 வயதுக்காரர் இறந்தே போனார். ஊரே நடுங்கியது. நாயை வெளியே கொண்டுபோனால் கயிறு வேண்டும், வாய்மூடி வேண்டும் என்று சொன்னார்கள். நியாயமான பேச்சு. அதில் மறுப்புக்கே இடமில்லை.

ஆனால் கயிறு வேறு, சோக் செயின் வேறு. கயிறு என்பது நாயைக் கைக்குள் பிடித்துக்கொள்ள. சோக் செயின் என்பது நாய்க்கு வலி கொடுக்க. பயத்தில் இருக்கும் ஜனங்கள் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். "இறுக்கிக் கட்டு, இன்னும் இறுக்கிக் கட்டு" என்கிறார்கள்.

இறுக்கினால் நடப்பது என்ன? சாயங்காலம் ஒருவர் நாயோடு நடந்து போகிறார். எதிரே சைக்கிளில் ஒரு பள்ளிக்கூடப் பையன் வருகிறான். நாய் குரைத்துக்கொண்டு பாய்கிறது. இவர் வெடுக்கென்று இழுக்கிறார். கழுத்து நெரிபடுகிறது. "பாயக் கூடாது" என்று நாய் கற்றுக்கொண்டதாக இவர் நினைக்கிறார். நாயின் கணக்கே வேறு. சைக்கிள் பையன் வந்தான், கழுத்து வலித்தது. நாலு நாள் இப்படி நடந்தால் போதும். அதற்குப் பிறகு சைக்கிளைப் பார்த்தாலே அதற்கு ஆகாது.

இன்னொன்று. "குரைக்கிற நாய் கடிக்காது" என்பார்கள். அதை அப்படியே நம்ப முடியாது. ஆனால் உறுமலும் குரைப்பும் நாய் கொடுக்கும் எச்சரிக்கை என்பது உண்மை. உறுமும்போதெல்லாம் கழுத்தை நெரித்தால் உறுமல் நின்றுவிடும். உள்ளே இருக்கும் பயம் நிற்காது. எச்சரிக்கை இல்லாமல் கடிக்கிற நாய் இப்படித்தான் உருவாகிறது. "சாதுவா இருந்த நாய் சார், திடீர்னு கடிச்சிடுச்சு" என்று பிறகு புலம்பிப் பயன் என்ன?

இந்த முறை எங்கிருந்து வந்தது? போலீசிலிருந்தும் பட்டாளத்திலிருந்தும் வந்தது. ஜெர்மனியில் போலீஸ் நாய்களைப் பழக்கிய கொன்ராட் மோஸ்ட் 1910ல் புத்தகம் போட்டார். இழுப்பு, அதட்டல், தண்டனை ஆகியவற்றுக்கு அதில் பெரிய இடம். அந்தப் பாடம்தான் ஊர் ஊராகப் பரவி, வீட்டு நாய் வரை வந்து சேர்ந்தது.

பிறகு அமெரிக்காவில் கேரன் பிரையர் என்ற அம்மாள் வந்தார். ஹவாய்த் தீவில் டால்பின்களைப் பழக்கியவர். டால்பினுக்கு எங்கே சங்கிலி மாட்டுவது? முறைத்தால் தண்ணீருக்குள் போய்விடும். அதனால், சரியாகச் செய்த நொடியில் ஒரு விசில், உடனே ஒரு மீன். இப்படியே பழக்கினார். இதே வழி நாய்க்கும் ஆகும் என்று 1984ல் புத்தகம் எழுதினார். இன்று உலகம் பூராவும் இந்த முறை பரவிவிட்டது.

இது வெறும் இரக்கப் பேச்சு அல்ல. 2020ல் போர்ச்சுகல் நாட்டு ஆராய்ச்சியாளர்கள் 92 வீட்டு நாய்களைச் சோதித்தார்கள். தண்டித்துப் பழக்கும் பள்ளிகளில் படித்த நாய்களுக்குப் பயிற்சி முடிந்ததும் எச்சிலில் 'கார்டிசால்' ஏறியிருந்தது. உடம்பு பதறும்போது சுரக்கிற சத்து அது. தின்பண்டம் கொடுத்துப் பழக்கிய நாய்களுக்கு அப்படி ஏறவில்லை. ஜெர்மனியே 2022 முதல், முள் பட்டை போட்டு நாய் பழக்குவதைத் தடை செய்துவிட்டது.

"அடியாத மாடு படியாது" என்று நம் ஊரில் சொல்வார்கள். "ஆடிக் கறக்கிற மாட்டை ஆடிக் கறக்கணும், பாடிக் கறக்கிற மாட்டைப் பாடிக் கறக்கணும்" என்று சொன்னதும் நம் ஊர்தான். முதல் பழமொழி மட்டும் ஏன் ஞாபகம் இருக்கிறது?

எதிர்க்கட்சி சொல்வதையும் கேட்க வேண்டும். "நாற்பது கிலோ நாய் இழுக்கிறது. அறுபது வயசுக்காரர் எப்படிப் பிடிப்பார்? இட்லி காட்டிக்கொண்டு நிற்கவா முடியும்?" என்கிறார்கள். நல்ல கேள்வி. அதற்குத்தான் நெஞ்சோடு சேர்த்து மாட்டும் 'ஹார்னஸ்' பட்டை இருக்கிறது. முன்பக்க வளையத்தில் கயிறு கோத்தால், நாய் இழுக்கும்போது அதன் உடம்பு பக்கவாட்டில் திரும்பிவிடும். மூச்சுக்குழாய் நசுங்காது. அப்படியும் பிடிக்க முடியாது என்றால் அவ்வளவு பெரிய நாய் அந்த வீட்டுக்கு எதற்கு?

சங்கிலியில் பலன் சீக்கிரம் தெரியும் என்கிறார்கள். தெரியும். பயந்த நாய் அப்போதைக்குப் பேசாமல் நிற்கும். தின்பண்ட முறைக்கு நாளாகும். தினமும் பத்து நிமிஷம் செலவழிக்க வேண்டும். கூப்பிட்டால் வருவது, உட்காரச் சொன்னால் உட்காருவது, அந்நியரைக் கண்டால் எஜமானர் முகத்தைப் பார்ப்பது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுக்க வேண்டும். நாய் வாங்கப் பணம் இருக்கிறவருக்குப் பத்து நிமிஷம் இல்லையா?

சட்டம் என்ன சொல்கிறது? 1960ல் வந்த மிருகவதைத் தடுப்புச் சட்டம் தேவையில்லாத வலி கொடுப்பதைக் குற்றம் என்கிறது. அளவுக்கு மீறிக் குட்டையான சங்கிலியிலோ கனமான சங்கிலியிலோ நெடுநேரம் கட்டிவைப்பதும் குற்றம். எப்போதும் கட்டியே போட்டு, நடமாட விடாமல் வைத்திருப்பதும் குற்றம். மாநிலங்களவையில் இதற்காகப் போராடியவர் சென்னையின் ருக்மிணி தேவி அருண்டேல். ஆனால் முதல் குற்றத்துக்கு அந்தச் சட்டம் எழுதிவைத்த அபராதம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய். சங்கிலியின் விலை அதைவிட அதிகம்!

நாய் பழக்குகிறவருக்கு இன்ன படிப்பு வேண்டும், இன்ன சான்றிதழ் வேண்டும் என்று கேட்பாரும் இல்லை. கையில் ஒரு சங்கிலியும் பையில் ஒரு விசிட்டிங் கார்டும் இருந்தால் போதும், அவர் 'மாஸ்டர்' ஆகிவிடுகிறார்.

அம்பத்தூர் 2011லேயே சென்னை மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டது. ஆவடி 2019ல் தனி மாநகராட்சி ஆனது. பூந்தமல்லி நகராட்சி. நாய்க்கு இந்த எல்லைக்கல் எதுவும் தெரியாது. 2025ல் சென்னை மாநகராட்சி வளர்ப்பு நாய் உரிமத்தில் கறார் காட்டத் தொடங்கியது. உரிமம் இல்லாவிட்டால் 5,000 ரூபாய் அபராதம் என்றது. நல்லது. அந்த உரிமத்தோடு இன்னொரு காரியமும் சேர வேண்டும். உரிமம் வாங்க வருகிறவருக்கு அரை மணி நேரம் ஒரு கால்நடை டாக்டர் பாடம் நடத்தட்டும். நாயை எப்படிப் பிடிப்பது, எப்படிப் பழக்குவது என்று தமிழில் ஒரு பக்க நோட்டீஸ் கொடுக்கட்டும். கூலிக்கு நாய் பழக்குகிறவர்கள் பெயரைப் பதிவு செய்யட்டும். ஆவடியும் பூந்தமல்லியும் இதைச் சேர்ந்து செய்யட்டும். கோடி ரூபாய்த் திட்டமல்ல இது.

நாய் கடித்தால் தடுப்பூசிக்கு நாலைந்து தடவை ஆஸ்பத்திரிக்கு அலைய வேண்டும். கூலிக்காரருக்கு ஒவ்வொரு தடவையும் அரை நாள் சம்பளம் போச்சு. வெறிநோய் வந்துவிட்டாலோ பிழைப்பது அரிது. அந்த விலையைக் கொடுப்பவர் நாய்க்குச் சொந்தக்காரர் அல்ல. தெருவில் போகிறவர்.

ஆகவே சங்கிலியைக் கழற்றுவது நாய்க்குச் செய்கிற தயவு மட்டும் அல்ல. அண்டை வீட்டுக்காரருக்குச் செய்ய வேண்டிய கடமை. மூன்று ஊர் அதிகாரிகளும் இதைக் கவனிப்பார்களா?