மகாத்மா சொல்லாததும் செய்ததும்

நமது நாட்டில் பாங்கு, கடை, காரியாலயம் என்று எங்கே சென்றாலும் காந்தியடிகளின் படம் பொறித்த ஒரு பலகையை நேயர்கள் கண்டிருக்கக்கூடும். வாடிக்கைக்காரரே நம்மிடம் வருவோரில் முதன்மையானவர், அவரால்தான் நாம் பிழைக்கிறோம் என்னும் கருத்துப்பட அதில் சில வரிகள் இருக்கும். 1890-ல் தென்னாப்பிரிக்காவில் மகாத்மா பேசியது என்று சிலர் வருஷமும் இடமும் குறிப்பிடுகிறார்கள். 1890-ல் அவர் லண்டனில் சட்டம் படித்துக்கொண்டிருந்தார். தென்னாப்பிரிக்காவில் அவர் காலடி வைத்தது 1893-ல்தான். ஏறக்குறைய அதே வாசகம் 1941-ல் ஸ்டூடிபேக்கர் என்ற அமெரிக்க மோட்டார் கம்பெனியின் விற்பனை அதிகாரி ஒருவர் பெயரால் அச்சாகியிருக்கிறது. மோட்டார் வியாபாரியின் வாசகத்தை மகாத்மாவின் திருவாக்காக மாட்டி வைத்திருக்கிறோம்!

இது சிறு பிழை, மன்னித்துவிடலாம். அப்பலகையின் கீழே நடக்கும் காரியமே நம்மை வருத்துகிறது. இக்காலத்துக் கம்பெனிகள் வாடிக்கைக்காரரின் திருப்தியை அளப்பதில் மிகுந்த சிரத்தை காட்டுகின்றன. சாமான் வந்து சேர்ந்த மறுநிமிஷம் தொலைபேசி மணி அடிக்கிறது. எத்தனை நட்சத்திரம், பத்துக்கு எத்தனை மார்க் என்று கேள்வி வருகிறது. 2003-ல் பிரெடரிக் ரைக்ஹெல்ட் என்னும் அமெரிக்கர் ஒரே கேள்வி போதும் என்று எழுதினார்: இந்தக் கம்பெனியை உமது சிநேகிதருக்குச் சிபார்சு செய்வீரா? 9, 10 மார்க் கொடுத்தவர்களின் சதவிகிதத்திலிருந்து 6-ம் அதற்குக் குறைந்தும் கொடுத்தவர்களின் சதவிகிதத்தைக் கழிக்க வேண்டும்; மிஞ்சுவதே கம்பெனியின் யோக்கியதை. உலகெங்கும் இம்முறை பரவிவிட்டது. இது துஷ்பிரயோகம் செய்யப்படுகிறது என்று அவரே 2021-ல் குறைப்பட்டுக்கொள்ளும்படி ஆயிற்று.

ஏன் அப்படி ஆயிற்று? மார்க்கைச் சிப்பந்தியின் சம்பளத்தோடு முடிச்சுப் போட்டுவிட்டார்கள். வெயிலில் மூட்டை சுமந்து வந்த இளைஞன் வாசற்படியில் நின்று, "ஐயா, ஐந்து நட்சத்திரம் போட்டுவிடுங்கள், குறைந்தால் எனக்குக் கஷ்டம்" என்று கெஞ்சுகிறான். சாமான் சுமாராக இருந்தாலும் நாம் ஐந்தே போடுகிறோம். அங்கே அளக்கப்பட்டது நமது இரக்கம். கம்பெனியின் யோக்கியதை அன்று. கெட்ட சாமானை விற்கத் தீர்மானித்தவர் எவரோ, அவருக்கு நட்சத்திரம் போடச் சொல்லி ஒருவரும் நம்மைக் கேட்பதில்லை. ஒருமுறை வாங்கி மனம் கசந்து, வாய் பேசாமல் வேறு கடைக்குப் போய்விட்டவர் கணக்கில் வருவதில்லை. ஒன்றை அழுத்துக, இரண்டை அழுத்துக என்ற யந்திரக் குரலுக்கும் அதன் சங்கீதத்துக்கும் பிறகு மனிதக் குரல் எட்டாமலே தொலைபேசியை வைத்துவிட்டவரும் வருவதில்லை.

மகாத்மா சொல்லாததை விட்டு, அவர் செய்ததைப் பார்ப்போம். 1917 செப்டம்பரில் அவர் பம்பாயிலிருந்து சென்னைக்கு மூன்றாம் வகுப்பில் பிரயாணம் செய்தார். கட்டணம் 13 ரூபாய் 9 அணா. பிறகு அதைப் பற்றிப் பத்திரிகைகளுக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார். வெறும் அங்கலாய்ப்பு அன்று அது, கணக்கு. பெட்டியில் எழுதியிருந்தது 22 பேர். பெரும்பாலான நேரம் இருந்தது 35 பேருக்கு மேல். பிரயாணம் முழுவதிலும் பெட்டி ஒரு முறையும் பெருக்கப்படவில்லை. கழிப்பறைத் தொட்டியில் தண்ணீர் இல்லை. முதல் வகுப்புக்காரர் கொடுப்பது ஐந்து மடங்குக் கட்டணம். அவருக்குக் கிடைக்கும் சௌகரியத்தில் ஐந்தில் ஒரு பங்கேனும், பத்தில் ஒரு பங்கேனும் ஏழைக்குக் கிடைக்கிறதா என்று கேட்டார். சக பிரயாணிகளின் அசுத்தப் பழக்கங்களையும் அவர் மறைக்கவில்லை.

அதைவிட முக்கியமானது அவர் சொன்ன பரிகாரம். வைஸ்ராயும் பிரதம சேனாதிபதியும் மகாராஜாக்களும் முன்னறிவிப்பின்றி அவ்வப்போது மூன்றாம் வகுப்பில் ஏறிப் பார்க்கட்டும் என்றார். முன்னறிவிப்பின்றி என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும். முன்னறிவித்தால் பெட்டி கழுவப்பட்டிருக்கும்.

கூட்டம் இருக்கிறது, ஆகையால் திருப்தி இருக்கிறது என்பது ஏகபோகக்காரரின் தர்க்கம். வேறு வண்டி இல்லாதவன் இதே வண்டியில்தான் ஏறுவான். மூன்றாம் வகுப்பு என்ற பெயர் 1974-ல் போயிற்று. முன்பதிவில்லாத பெட்டியில் ஒற்றைக்காலில் நிற்கும் மனிதன் போகவில்லை. அன்று நிர்வாகம் அந்நியருடையது என்று சமாதானம் சொல்லிக்கொண்டோம். இன்று விற்பவரும் வாங்குபவரும் நம்மவரே. சுதேசிச் சாமானை வாங்குங்கள் என்று ஜனங்களிடம் தேசபக்தியின் பெயரால் கேட்கிறவர்கள், அச்சாமான் பழுதானால் பதில் சொல்லும் கடமையையும் அதே பெயரால் ஏற்கவேண்டாமா?

சட்டம் இருக்கிறதே என்பார்கள். 1986-ல் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதற்குப் பதிலாக 2019-ல் இயற்றிய புதுச் சட்டம் 2020 ஜூலையில் அமலுக்கு வந்தது. நல்லதே. ஆனால் 300 ரூபாய்ச் சாமானுக்காக ஒரு நாள் கூலியை விட்டு எந்தத் தொழிலாளி ஆணையத்தின் படியேறுவான்? அவன் நஷ்டத்தை விழுங்கிக்கொள்கிறான். கம்பெனி அதைத் திருப்தி என்று எழுதிக்கொள்கிறது.

நாம் கோருவது இதுதான். குறை வந்த நாளுக்கும் தீர்ந்த நாளுக்கும் நடுவே எத்தனை நாள், அதே குறையோடு இரண்டாம் முறை வந்தவர் எத்தனை பேர், ஒருமுறை வாங்கித் திரும்பி வராதவர் எத்தனை பேர் என்பவற்றைக் கம்பெனிகள் வருஷ அறிக்கையில் லாப நஷ்டக் கணக்குக்குப் பக்கத்திலேயே அச்சிடட்டும். சிப்பந்தியின் கூலியை நட்சத்திரத்திலிருந்து அவிழ்த்துவிடட்டும். காந்தியடிகளின் படத்தைச் சுவரில் மாட்டியிருக்கும் டைரக்டர்கள் இந்த மாதமே ஒரு நாள், தம் பெயரையும் பதவியையும் சொல்லாமல், தமது கம்பெனியின் தொலைபேசிக்கே ஒரு குறையைச் சொல்லிப் பார்க்கட்டும்.